சொட்டாத பை

தோல் பை தைக்கும் சௌக்கத் அலி பாய் விரித்துப் போட்ட ஆட்டுத் தோலை மாசிலாமணி தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"மெல்லிசு. ஆபீஸ் தஸ்தாவேஜு தாங்காது பாய்."

நாலு வருஷம் முன்பு கப்பலேறிப் போன வெள்ளைக்காரத் துரை தோளில் மாட்டியிருந்தாரே, அந்த மாதிரிப் பை வேண்டும். துறைமுக ஆபீஸ் ஹெட் கிளார்க்குக்கு அதற்குக் குறைந்த எதுவும் சரிப்படாது.

மாட்டுத் தோலைத் தொட்டார். உடனே கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். காலடிப்பேட்டை புலால் மறுப்புச் சங்கத்தின் காரியதரிசி பசுவைத் தோளில் மாட்டிக்கொண்டு போக முடியுமா?

கடைசியாக எருமைத் தோல் வந்தது. ஆவாரம்பட்டையில் ஊறிய தேன் நிறம், பலகை மாதிரி விறைப்பு. குனிந்து மோந்தார். மூக்கைத் துளைத்தது.

முகம் மலர்ந்துவிட்டது.

"இந்த வாடை சீக்கிரம் போயிடாதே?"

வாடை எப்போது போகும் என்று கேட்டவர்களைத்தான் பாய் முப்பது வருஷமாகப் பார்த்திருக்கிறார்.

"போவாது சார். இத்த மோந்தவனுக்கு வேற எந்த வாடையும் தெரியாது."

அடுத்தது தையல். மெஷின் தையல் வேண்டவே வேண்டாம். பாய் கையால் தைத்து வைத்திருந்த சின்னப் பை ஒன்றைக் கொடுத்தார். மெழுகு தேய்த்த ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி, ஒவ்வொரு துளையிலும் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று. ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது பிரியாது.

மாசிலாமணி பானையிலிருந்து தண்ணீர் மொண்டு பைக்குள் ஊற்றினார்.

"இன்னா சார், தஸ்தாவேஜு தண்ணி குடிக்குமா?"

"மழைக்காலம் வருதில்ல பாய்."

"மழை வெளியேந்துதானே சார் வரும்? நீ இன்னாடான்னா உள்ள ஊத்திப் பாத்துக்கினு கீறே."

மாசிலாமணி பையைத் தூக்கிப் பிடித்தார். மூலையில் ஒரு சொட்டு திரண்டுகொண்டிருந்தது. விழுந்தது.

போன மாசம் திருவொற்றியூர் பஸ்ஸில் விழுந்ததும் இப்படித்தான். துணிப்பைக்குள் ராயபுரம் வஞ்சிர மீன், ஒரு வீசை. பக்கத்து சீட்டில் சங்கத் தலைவர் தர்மலிங்கம். சொட்டு விழுந்தது தலைவரின் வெள்ளை வேட்டியில்.

"ராமேஸ்வரம் தீர்த்தம், ஐயா. சிநேகிதர் கொண்டுவந்தார்" என்றார் மாசிலாமணி.

தலைவர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அந்த விரலை வெகுநேரம் மூக்கருகிலேயே வைத்திருந்தார். இருவரும் இறங்கி நடந்தால், ஒரு பூனை மாசிலாமணி வீட்டு வாசல் வரைக்கும் தீர்த்தத்தின் பின்னாலேயே வந்தது. தலைவர் பூனையையும் பார்த்தார்.

அதற்கப்புறம் மாசிலாமணி வஞ்சிரத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. வறுக்கும்போது தெருவுக்கே சாம்பிராணி போட வீட்டில் மனைவி நீலா இருக்கிறாள். ஆபத்தெல்லாம் வழியில்தான். இன்னொரு சொட்டு விழுந்தால் காரியதரிசி பதவி, ஆண்டு விழா மாலை, முன்வரிசை நாற்காலி எல்லாம் போச்சு.

பாய் பையை வாங்கிக் கவிழ்த்தார்.

"கெணத்துல மாடு கட்டி எறைக்கிற தோல்பறி கீதே, அந்தத் தையல் போட்டுர்றேன். ஓரத்த உள்ள மடிச்சு, நடுவுல தோல் வார் குடுத்து. ஒரு பொட்டு வெளிய வராது. அடி மூலைய ரவுண்டா வெட்டிர்றேன். செதில் சிக்காது."

மாசிலாமணி சட்டென்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எ... எந்தச் செதில்?"

பாய் ஆணியில் மாட்டியிருந்த புதுப் பை ஒன்றை எடுத்து அவர் மடியில் வைத்தார். எருமைத் தோல். தோல்பறித் தையல். மூலைகள் வட்டம். முகப்பில், துரை பை மாதிரியே, பித்தளைக் கொக்கி.

"உங்க தலைவரு தர்மலிங்கம் ஐயாது. சாயங்காலம் வாங்கிக்க வராரு. வால் மடங்கக் கூடாதுன்னு நாலு விரக்கட நீளம் ஜாஸ்தி கேட்டாரு. உனுக்கும் அதே அளவு வெட்டிரவா?"

மாசிலாமணி அந்தப் பையைத் தடவினார். உள்ளே கைவிட்டுப் பார்த்தார். வெகுநாளைக்கப்புறம் மூச்சு நிதானமாக வந்தது. முழம் போட்டு இரண்டு முறை அளந்தார்.

தன்னுடையதை இரண்டு விரற்கடை குறைத்தே வெட்டச் சொன்னார்.

தலைவருக்குச் சமமாக வைத்துக்கொள்வது மரியாதையில்லை.