சனிக்கிழமை சகஸ்ரநாமம்

மனைவி பத்மஜாவுக்கு வாய் நீளம் என்பது வரதனின் கட்சி. அறைந்து பார்த்தும் அடங்கவில்லை. சகஸ்ரநாமம் சொன்னாலாவது அடங்குவாள் என்று, பிளசன்டனில் ஹம்சா ஆன்ட்டி நடத்தும் ஸ்லோக கிளாஸில் அவளைச் சேர்த்துவிட்டான்.

சனிக்கிழமைதோறும் அவனே கொண்டுவந்து விட்டு, முடியும்வரை வாசலில் காரிலேயே உட்கார்ந்திருப்பான். எங்கேயாவது நழுவிவிட்டால்? உள்ளே பெண்குரல்கள் கணீரென்று முழங்கும். 'வேலைவெட்டி இல்லாத மாமிகள்' என்று இளக்காரமாகச் சிரித்துக்கொள்வான்.

அன்றைக்கு சகஸ்ரநாமம் முடிந்த கையோடு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. பொறுமையிழந்து, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

ஹாலில் ஹம்சா ஆன்ட்டி மட்டும் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் டேப் ரெக்கார்டர் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தது.

"பத்மஜா எங்கே?"

"பேக்யார்டு வழியா போய் என் காரை எடுத்துட்டுக் கிளம்பிட்டா. இந்நேரம் ஃப்ரீவே ஏறியிருப்பா. எங்க தங்கப்போறான்னு மட்டும் கேக்காதே, சொல்ல மாட்டேன்."

"காரா? அவளுக்கு டிரைவிங்கே தெரியாதே ஆன்ட்டி!"

ஹம்சா கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"ஏன் தெரியாது? வாராவாரம் கிளாஸுக்கு நீதானேப்பா கொண்டுவந்து விட்டே!"