ஜன்னலில்லாத வீடு

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல் வெயிலில் மேசை கிடக்கிறது. ஒற்றையறைக் காம்பராவுக்குள் ஒரே இருட்டென்று உளவியல் பேராசிரியர்தான் அதை வெளியே போடச் சொன்னார். லண்டனில் படித்தவர், தோட்டத்து ஆட்களின் புத்தியை அளந்து புத்தகம் எழுதப்போகிறவர். மூக்கைப் பொத்திய சென்டுக் கைக்குட்டையை எடுக்காமலே ஒரு படத்தை நகர்த்துகிறார். கூரையும் கதவுமாக ஒரு வீடு. அவருடைய ஆங்கிலத்தைத் தமிழில் சொல்ல வந்திருக்கும் தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியர் சவரிமுத்து, "இதுல என்னா கொறையுதுன்னு பாத்துச் சொல்லு, பேச்சி" என்கிறார். கொழுந்து பறித்துக் கறை ஏறிய விரலால் பேச்சியம்மா படத்தை மெல்லத் தடவுகிறாள். அட்டை கடித்த கணுக்காலில் இரத்தம் இன்னும் கசிகிறது. "ஒண்ணுங் கொறையலீங்க சார். நம்ம காம்பரா மாதிரி நல்லாத்தானே இருக்கு." சவரிமுத்து அதை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்குமுன்பே பேராசிரியர் சிரிக்கிறார். "ஜன்னல் இல்லாதது கூட இதுகளுக்குத் தெரியவில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே தாளில் உருண்டையாக ஒரு முட்டை போடுகிறார். அவர் முதுகுக்குப் பின்னால் லயம் பத்துக் கதவுகளோடு, ஒரு ஜன்னலுமில்லாமல் நீண்டு கிடக்கிறது. "நான் சொன்னது சரிங்களா சார்?" என்கிறாள் பேச்சியம்மா. சவரிமுத்து லயத்தையும் தாளிலிருந்த முட்டையையும் பார்த்துவிட்டு, "சரியாத்தாம்மா சொன்ன" என்கிறார்.