நாளைக்குக் கடை திறப்பவர்

அவரைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். உள்ளே அவரைப் பற்றித்தான் பேச்சு.

அந்த ரொட்டிக்கடையின் வழக்கம் அப்படி. வேலை செய்கிற அத்தனை பேரும் சேர்ந்து நடத்தும் கூட்டுறவுக் கடை. உறுப்பினராக வேண்டுமென்றால் ஒரு வருஷம் கூடவே உழைக்க வேண்டும். பிறகு எல்லாரும் உட்கார்ந்து கை தூக்குவார்கள். அடுப்புக்காரிக்கும் ஒரு கைதான், கணக்கு பார்ப்பவருக்கும் ஒரு கைதான். பாதிக்கு மேல் எழாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

பெரிய கடைகள் அவரை மேற்பார்வை வேலைக்கே கூப்பிட்டன. இவர்தான் இங்கேயே வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

இந்த வயதில் பரீட்சைக்குப் போன பிள்ளை மாதிரி வாசலில் முன்னும் பின்னும் நடந்தார்.

மாவு பிசைந்ததில் குறையில்லை. தட்டு கழுவியதிலும் இல்லை. ஆனால் வந்த புதிதில் ஒரு கூத்து நடந்தது. பழக்கதோஷத்தில், "யாராவது ஒரு டீ கொண்டாங்கப்பா" என்று குரல் கொடுத்துவிட்டார். கடையே வேலையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது. கடைசியில் எல்லாருக்கும் அவரே டீ போட்டார்.

அதை மனதில் வைத்திருப்பார்களோ?

கதவுக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். அடுப்புக்காரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போச்சுடா என்று நினைத்தார்.

அவள் கைதான் முதலில் எழுந்தது.

பின்னாலேயே மற்ற கைகளும் எழுந்தன. மாவு காய்ந்த கைகள், சூடு பட்டுத் தழும்பேறிய கைகள். எழாத கையைத் தேடினார், கிடைக்கவில்லை.

அடுப்புக்காரி வெளியே வந்து சாவியை நீட்டினாள்.

"புதுசா சேர்றவங்கதான் மறுநாள் கடையைத் திறக்கணும். தூங்கிடாதீங்க!"

தலைப்பகுதி வளைந்த பழைய சாவி. உள்ளங்கையில் வைத்துத் தடவிப் பார்த்தார். நெஞ்சு நிமிர்ந்தது. அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் போட்டார்.

"நாளைக்குக் கடையை நான்தான் திறக்கப்போறேன்!"

மனைவி சிரித்துவிட்டாள். "இதுல என்ன அதிசயம்? இருபது வருஷமா நீங்க திறந்த கடைதானே, முதலாளி?"

வாஸ்தவம்தான். கடை நொடித்த அன்று, நாங்களே சேர்ந்து நடத்துகிறோம் என்று சொன்ன அடுப்புக்காரியிடம், 'நடத்திக் கிழிச்சீங்க' என்று இதே சாவியை வீசிவிட்டுப் போனவர் அவர்.

ஆனாலும் கர்வமாகத்தான் சொன்னார்.

"அப்ப எனக்காக ஒருத்தரும் கை தூக்கலையே."