தொட்டித் தண்ணீர்

என்ஜினின் தலையைத் தொட்ட என்ஜின்காரன் கண்ணுச்சாமி, சுட்ட விரல்களை உதறிக்கொண்டான்.

பசுமலையில் விருமாண்டியின் பங்களாவுக்கு, ஊர் மின்சாரம் நின்றபோதெல்லாம் விளக்கெரியச் செய்வது அந்த எண்ணெய் என்ஜின்தான். அன்று மாலைப் புயல்மழையில் மின்சாரமும் நின்றது. கண்மாய் உடைந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதையும் அடைபட்டது.

கூடத்து மேசையில் விருமாண்டியின் மனைவி ஜெயக்கொடி மயக்கத்தில் கிடந்தாள். வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தாயிற்று. தையல் மீதி இருந்தது. மயக்க மருந்தின் ஆவி தீப்பற்றும் இயல்புடையது. ஆகவே அரிக்கேன் விளக்கு அறவே கூடாது என்று, மழைக்கு முன்பே வந்திருந்த டாக்டரம்மாள் கண்டிப்பாகக் கூறிவிட்டார்.

என்ஜினை நிறுத்தினால் விளக்கு அணையும். நிறுத்தாவிட்டால் சூட்டில் இரும்பு இறுகித் தானே நின்றுவிடும்.

"இன்னும் எம்புட்டு நேரம்டா தாங்கும்?"

என்ஜின் அறை வாசலில் நின்று விருமாண்டி கேட்டார். கண்ணுச்சாமி என்ஜினைக் குளிர்விக்கும் தொட்டியில் கையை விட்டான். நிறையத் தண்ணீர், கிணற்று நீரைப் போல் சில்லென்றிருந்தது. அந்தக் குளிர்ச்சியே கோளாறைச் சொன்னது. என்ஜினுக்குள் சென்று சூடேறித் திரும்ப வேண்டிய நீர், இருந்த இடத்திலேயே இருந்தது.

தோள்வரை கையை விட்டு, தொட்டியின் அடியிலிருந்து என்ஜினுக்குப் போகும் குழாயின் வாயைத் துழாவினான். ஒரு துணி உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

உடனே பிடுங்கவில்லை. காய்ந்த இரும்பில் குளிர்நீர் ஒரேயடியாகப் பாய்ந்தால் என்ஜின் வெடித்துப் பிளக்கும். மறு கையால் குழாயின் திருகை முக்கால் பங்கு அடைத்தான். பிறகே துணியைப் பிடுங்கி மடியில் செருகினான். துணிக்குள் ஏதோ கனத்தது.

திருகைச் சிறுகச் சிறுகத் திறந்தான். என்ஜின் சீறியது. கூடத்து விளக்கு சிவந்து மங்கியது. பின்பு மெல்ல மெல்ல வெளுத்தது.

குழாயில் அடைப்பு என்று கண்ணுச்சாமி சொல்லக் கேட்டதும் விருமாண்டியின் முகம் கறுத்தது. அடைத்தவன் எவனாயினும் அவன் கையை முறிக்காமல் விடுவதில்லை என்று சூளுரைத்துவிட்டு, டாக்டரம்மாள் அழைக்கவே உள்ளே ஓடினார்.

சற்றைக்கெல்லாம் ஜெயக்கொடியின் தாய் ராக்கம்மாள் கண்களைத் துடைத்தபடி வந்தாள்.

"எம் மக பொழச்சுட்டாய்யா. வெளக்கு அணையக் கூடாதுன்னு அழகருக்குத் துணியில காசு முடிஞ்சு, இந்தத் தொட்டிக்குள்ளதான் போட்டு வச்சேன். கைவிடலையே அந்தச் சாமி."

அவளுக்குப் பின்னால் வந்த விருமாண்டி, அடைத்திருந்தது என்னவென்று கேட்டார்.

"சருகு, மொதலாளி" என்றான் கண்ணுச்சாமி.

ராக்கம்மாள் தொட்டியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.