கைப்பைக்கு ஒரு வண்டி

"உட்காரக் கூடாது மாமா! எகிப்து முடியற வரைக்கும் மூச்!"

அருங்காட்சியகத்தில் எகிப்துதான் முதல் கூடம். அப்புறம் சீனா, ஆப்பிரிக்கா, கடைசியில் ஜப்பான். ஒவ்வொன்றும் ரயில் பிளாட்பாரம் நீளத்துக்கு இருக்கும்.

பெரியவர் இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். மருமகள் பின்னாலேயே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது அவளுடைய கைப்பை.

"கொஞ்ச நேரம்மா..."

"இன்னைக்குக் கொக்கைப் பார்க்கணுமா வேணாமா? நடங்க!"

கொக்குகள் பறக்கும் அந்தப் பெரிய ஓவியம் ஜப்பானின் கடைசிச் சுவரில் இருந்தது.

கூடத்தைச் சுற்றிப் பார்க்க வந்திருந்த ஒரு தலைமை ஆசிரியைக்கு இதைப் பார்த்துப் பொறுக்கவில்லை. அவர் ஓய்வு பெற்றது பள்ளியிலிருந்து மட்டும்தான்.

"ஏம்மா, கைப்பைக்கு வண்டி, பெரியவருக்கு நடையா? இரக்கமே கிடையாதா உனக்கு?"

மருமகள் காதில் வாங்கவே இல்லை.

தலைமை ஆசிரியை கூடத்துக் காவலரிடம் போனார். "நீங்களாவது உங்க நாற்காலியைக் கொடுங்கப்பா."

அந்த மனிதர் நாற்காலியை மடக்கி, கல் ராஜா ஒருவரின் முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டார்!

அவ்வளவுதான். விறுவிறுவென்று போய் மேலாளரைக் கையோடு அழைத்து வந்தார் தலைமை ஆசிரியை.

"எந்தப் பெரியவர்? இடது காலை இழுத்து நடப்பாரே, அவரா? எங்கே இப்போ?"

"ஆப்பிரிக்காவைத் தாண்டிட்டார் சார்!" என்றார் காவலர்.

மேலாளர் ஓட்டமெடுத்தார். 'பரவாயில்லை, பொறுப்பான மனுஷன்' என்று தலைமை ஆசிரியையும் பின்னால் ஓடினார்.

ஜப்பானில் காவலர்கள் எல்லோரும் சுவரோரம் நின்றிருந்தார்கள். ஒருவரும் கை கொடுக்கவில்லை. பெரியவருக்கு ஒரு முறை கால் தடுமாறியது. மருமகளின் கை பதறி நீண்டது; உதட்டைக் கடித்துக்கொண்டு பின்னால் இழுத்துக்கொண்டாள்.

இன்னும் நாலடி. இன்னும் ஓரடி.

கொக்குகளுக்கு நேர் எதிரே போய் நிமிர்ந்து நின்றார் பெரியவர்.

'அமைதி காக்கவும்' பலகைக்குக் கீழேயே நின்று மேலாளர் கை தட்டினார். கூடமே அதிர்ந்தது.

"பக்கவாதம் வந்தவர்மா," என்றார் தலைமை ஆசிரியையிடம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இனிமே சக்கர நாற்காலிதான் கதின்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. வாராவாரம் மருமகதான் இங்கே கூட்டிட்டு வந்து நடக்க வைக்குது. முதல்ல எகிப்துல விழுந்தார், அப்புறம் சீனாவுல அழுதார். இன்னைக்குத்தான் முதல் தடவையா கொக்கு வரைக்கும் வந்திருக்கார். நாற்காலியை எல்லாம் ஒளிக்கச் சொன்னதே பெரியவர்தான். கண்ணுல பட்டா கால் கெஞ்சுதாம்."



"பையை எடும்மா," என்றார் பெரியவர் மருமகளிடம். "நீ ஏறு. கொக்கு வரைக்கும் நடந்துட்டா உன்னை உட்கார வெச்சுத் தள்றேன்னு சொன்னேனே, பந்தயம்னா பந்தயம்தான். அந்தத் தூண் வரைக்கும் நான் தள்றேன்."

"ஐயோ, வேணாம் மாமா..."

"மூச்!"

அவள் பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வண்டி மெல்ல நகர்ந்தது.

"தள்ளி நில்லுங்க! வழி விடுங்க!" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார் தலைமை ஆசிரியை.