தாலி ஏறுமட்டும்

அரியதரப் பலகாரத்துக்கு மாக் குழைத்த கையோடேயே குசினியிலிருந்து ஓடிவந்த மீனலோசனி, புருசன் காதில் வைக்கப்போன போனைப் பறித்தாள். போன் எடுத்தது மணவறை சோடிக்கிறவன்தான். ஆனாலும் அவள் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கலியாணம் முடியுமட்டும் அது தன்னிடமே கிடக்கட்டும் என்று இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. புருசன் தயாபரனின் தமையன் கதிர்காமு நெடுந்தீவில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். இன்றோ நாளையோ என்ற நிலை. மனிதர் கண்ணை மூடினால் தம்பி வீட்டுக்கும் ஒரு மாதம் சாவுத் துடக்கு, நல்ல காரியம் எதுவும் செய்யக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை மகள் கஜானியின் கழுத்தில் தாலி ஏறாது. சுவிஸ் மாப்பிள்ளை லீவு முடிந்து பறந்துவிடுவான். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் குழம்பிப்போன பெட்டை அவள்.

தயாபரன் அந்தக் கிழமை முழுக்க ஒன்றைத்தான் கேட்டார்.

"இஞ்சாரும், ஒருக்கால் வள்ளத்திலை போய் அண்ணையின்ரை முகத்தைப் பாத்திட்டு வாறன்."

கேட்கக் கேட்க மீனலோசனியிடம் ஒரு வேலை தயாராக இருந்தது. முதலில் கிணறு இறைக்க விட்டாள். அடுத்த நாள் மிளகாய்த்தூள் திரிக்க மில்லுக்கு அனுப்பினாள். பிறகு மதிலுக்கு வெள்ளையடி. சுண்ணாம்பு வாளியோடு நின்று கடல் பக்கம் பார்த்த மனுசனை, திட்டுத்திட்டாகக் கிடக்கிறது என்று சொல்லி முழு மதிலையும் திரும்ப அடிக்கவைத்தாள். அவரும் அடித்தார். அந்த வீட்டில் அவர் சொல் என்றைக்கு அம்பலம் ஏறியது?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் மீனலோசனி அதற்கும் வழி பார்த்திருந்தாள். கதிர்காமு வீட்டுக்கு அடுத்த வளவுதான் அவள் பிறந்த வீடு. தங்கை தர்சினியும், ஐயா என்று அவர்கள் கூப்பிடும் தகப்பனும் அங்கேதான் இருந்தார்கள். தாலிக்குப் பொன்னுருக்கு முடிந்த கையோடு தங்கைக்குப் போன் போட்டாள். பொன் உருக்கிய வீட்டில் நின்றுகொண்டு ஒருவரின் பெயரைச் சொல்லிச் சாவுக்கதை எடுக்கக்கூடாதே. அதனால் பெயர் சொல்லாமலே பேசினாள்.

"அங்கை ஆருக்கு என்ன நடந்தாலும் தாலி ஏறுமட்டும் இஞ்சை ஒரு குஞ்சுக்கும் தெரியக்கூடாது. ஊராக்களின்ரை வாயையும் கட்டு. கஜானியிலை சத்தியம் பண்ணு."

தர்சினி சத்தியம் பண்ணினாள்.

வியாழக்கிழமை அவள் ஐயாவையும் கூட்டிக்கொண்டு, வீட்டு நெய்யோடு வருவதாக இருந்தது. வரவில்லை. கடல் கொந்தளிக்கிறது, ஐயாவுக்கு வள்ளம் ஒத்துவராது, நெய்யைக் கடையில் வாங்குங்கோ என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அன்று பின்னேரமே நெடுந்தீவிலிருந்து சமையலுக்கு வந்து இறங்கிய சரவணமுத்து, கடல் குளம்போலக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டு, பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் வெங்காயம் உரிக்கப் போனார். தங்கைக்கு வரப் பஞ்சி பிடித்துவிட்டது, சோம்பேறி என்று மீனலோசனி திட்டித் தீர்த்தாள்.

சனிக்கிழமை வந்த நெடுந்தீவுச் சனமும் அவளைக் கண்டால் பார்வையைத் திருப்பியது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கதிர்காமுவின் கதை முடிந்துவிட்டது. அவளுக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. செத்தவரும் செத்தாயிற்று, சேதியும் வெளியே வரவில்லை. அன்றிரவு புருசனுக்குத் தானே சோறு போட்டு, இன்னும் கொஞ்சம் சாப்பிடச் சொன்னாள். கலியாணம் முடிய அண்ணையிட்டைப் போவோம் என்று அவர் சொன்னதற்கும் ஓம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் தப்பவில்லை. கெட்டிமேளம் கொட்ட, தாலி ஏறியது. தயாபரன் கண்கலங்கி மகளை அறுகரிசி தூவி வாழ்த்திக்கொண்டிருந்த நேரம், மீனலோசனி பின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தங்கைக்குப் போன் எடுத்தாள்.

"தாலி ஏறியிட்டுது. இனிச் சொல்லடி. எப்ப எரிச்சனீங்கள்?"

"புதன்கிழமை, அக்கா."

மீனலோசனிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. தங்கை கெட்டிக்காரி என்று வாய்விட்டே மெச்சினாள். புருசனுக்கு இப்போது சொல்லத் தேவையில்லை, நாலாம் நாள் சடங்கும் முடியட்டும், அழுகிறதென்றால் அதற்குப் பிறகு ஆறுதலாக இருந்து அழட்டும் என்றாள்.

மறுபக்கம் தர்சினி விம்மினாள்.

"கதிர்காமு அண்ணை இருக்கிறார், அக்கா. எரிச்சது எங்கடை ஐயாவை."