மூன்றாவது கொட்டேஷன்

“மூணு கடை கொட்டேஷன் கேட்டேன். ரெண்டுதான் இருக்கு. ஃபைலைத் திருப்பி அனுப்பிடுங்க மேடம்” என்றார் பல்கலைக்கழகத்தின் நிதி அதிகாரி கிருஷ்ணபிரசாத்.

கிளார்க் வசந்திக்கு மனசு கேட்கவில்லை.

“நாலாவது தடவை சார். வேதியியல் ஆய்வகத்துல புகையை வெளியே இழுக்கிற ஃபேன் கெட்டு மூணு மாசமாச்சு. நேத்து ஒரு பொண்ணு மயங்கி விழுந்துட்டாளாம்.”

“ஜன்னலைத் திறந்து வெச்சுக்கச் சொல்லுங்க.”

“இயற்பியல் துறைக்கு ரெண்டு கொட்டேஷன்லயே கையெழுத்துப் போட்டீங்க. இவங்களோட மட்டும் என்ன ஜென்மப் பகை?”

அவர் ஃபைலை அவள் பக்கம் தள்ளினார். மனைவி அனுபமாவின் இருமல்தான் காலையிலிருந்து காதிலேயே நின்றது. கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகிறது. கச்சிபௌலி ரோட்டுத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார் டாக்டர். வெந்நீரில் தேன் கலந்து, ஃப்ளாஸ்கில் ஊற்றி, அவரே அவள் பையில் வைத்து அனுப்பியிருந்தார். ‘குடிச்சாளோ என்னவோ’ என்று செல்போனில் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்.

வெளியே சைரன் கேட்டது. வசந்தி ஜன்னலுக்கு ஓடினாள்.

“சார், வேதியியல் கட்டடத்துக்கு ஆம்புலன்ஸ் போகுது!”

கிருஷ்ணபிரசாத் முகம் வெளிறியது.

“ஃபைலை இப்படிக் கொடுங்க, கையெழுத்துப் போடறேன்!”

“இப்போ எதுக்கு சார்?”

“அனு வேலை பார்க்கிறது அந்த ஆய்வகத்துலதான் மேடம். பொண்டாட்டிக்குச் சலுகை காட்டினான்னு ஒருத்தரும் சொல்லிடக் கூடாதேன்னுதான்…”

முடிக்காமலே படியிறங்கி ஓடினார்.